18 வருடம் காத்திருந்த சரக்கு

விஸ்கி என்றாலே ஸ்காட்லாந்து என்பதுதான் வெகுகாலம் பேச்சாக இருந்தது. 2008-ல் உலக விஸ்கி விருதுகளில் சிறந்த சிங்கிள் மால்ட் என்று தேர்வானதோ ஜப்பானின் யோய்ச்சி, வயது 20. அதை வடித்த வருடம் 1987. இந்த வருடக்கணக்கில்தான் ஜப்பானிய விஸ்கியின் சூட்சுமமே இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பூர்வகதை. மசடாகா டகெட்சுரு என்ற இளைஞர் 1918-ல் ஸ்காட்லாந்து போனார். கிளாஸ்கோவில் வேதியியல் படித்தார், வடிசாலைகளில் வேலை பழகினார், 1920-ல் ரீட்டா என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். ஷின்ஜிரோ டோரீ என்ற வியாபாரி 1923-ல் கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே யமசாகியில் ஆரம்பித்த வடிசாலைக்கு இவர்தான் கைகொடுத்தார். பின்னர் பிரிந்துபோய் 1934-ல் வடக்கே, குளிர் நிறைந்த ஹொக்கைடோவின் யோய்ச்சியில் தனிக்கடை போட்டார்.

சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லியில் மட்டும், ஒரே வடிசாலையில் வடித்தது. பல பீப்பாய்களைக் கலந்திருந்தாலும், பாட்டிலில் 18 என்று போட்டிருந்தால் அதில் இருப்பதிலேயே இளையதற்கு வயது 18. பாட்டிலுக்குள் போனபிறகு வயது ஏறாது. பீப்பாயில் இருக்கும்வரைதான் கணக்கு. அங்கேயும் சும்மா இருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு 2% என்று வைத்தால்கூட 18 வருடத்தில் ஏறக்குறைய 30% காற்றோடு போய்விடும். தேவதைகளின் பங்கு என்று இதற்குச் செல்லப்பெயர்.

இப்படி மிஞ்சியதை ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வது பாவம். யமசாகி 18-ஐ எடுத்துக்கொண்டால், வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விடவேண்டும். மூக்கை உள்ளே நுழைத்து இழுத்தால் ஆல்கஹால்தான் சுள்ளென்று ஏறும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, கொஞ்சம் தள்ளி முகர்ந்தால் உலர்திராட்சையும் காய்ந்த அத்திப்பழமும் வரும். அது ஷெர்ரி ஒயின் பீப்பாயின் உபயம். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினால் கசப்பு சாக்லேட், காபி. விழுங்கியபின்தான் விசேஷம். சந்தனமும் ஊதுவத்தியும் கலந்தமாதிரி ஒரு வாசனை மெதுவாக மேலே வரும்.

அது மிசுநாரா என்ற ஜப்பானிய ஓக் மரத்தின் வேலை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய் கிடைக்காமல் போனதால் இதற்குத் திரும்பினார்கள். பீப்பாய் செய்வது கஷ்டம், செய்தாலும் கசியும். இளம் விஸ்கியில் மரவாடை தூக்கலாக இருந்ததால் முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. வருடங்கள் போனபிறகுதான் அந்த வாடை வாசனையானது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் இன்னும் கொஞ்சம் விரியும்.

சரி, இது ஏன் இவ்வளவு விலை? 1983-க்குப் பிறகு ஜப்பானில் விஸ்கி விற்பனை சரியத் தொடங்கி, கால் நூற்றாண்டு சரிந்தது. குடிக்க ஆளில்லாதபோது யார் நிறைய வடிப்பார்கள்? பிறகு சோடா கலந்த ஹைபால் மோகமும் விருதுகளும் சேர்ந்து ஆட்களைக் கொண்டுவந்தன, கிடங்கிலோ பீப்பாய் இல்லை. 2015-ல் யோய்ச்சி வயது போட்ட பாட்டில்களை நிறுத்தியது. 2018-ல் ஹக்குஷு 12-ம் ஹிபிக்கி 17-ம் நின்றன (ஹக்குஷு 2021-ல் திரும்பி வந்தது). அந்த இடைவெளியில் வெளிநாட்டு விஸ்கியை வாங்கி ஜப்பான் பெயரில் அடைத்து விற்றவர்களும் உண்டு. தடுக்கச் சட்டம் இல்லை. 2021-ல்தான் தயாரிப்பாளர் சங்கம், ஜப்பானிலேயே வடித்து அங்கேயே 3 வருடமாவது பீப்பாயில் வைக்கவேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

பணம் கொடுத்தால் புது வடிசாலை கட்டலாம், 18 வருடத்தை வாங்க முடியாது. இன்று கடைக்கு வரும் 18 வருட யமசாகி, அந்தச் சரிவுக்காலத்தின் கடைசியிலோ அதற்கு முன்போ வடித்தது. வாங்க ஆளில்லாதபோதும் யாரோ பீப்பாயை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்காகவாவது பத்து நிமிடம் பொறுக்கலாம். அவசரம் என்றால் பீர் இருக்கிறது.