வேதாளத்தின் கேள்வி

இளமையில் என்ன படித்தீர்கள் என்று தமிழிலக்கியம் கற்றவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் புதுமைப்பித்தனிலிருந்துதான் விடை தொடங்கும். அம்புலிமாமாவைச் சொல்ல ஒரு கூச்சம். வாண்டுமாமாவையும் முத்து காமிக்ஸையும் சொல்ல அதனினும் கூச்சம். பத்து வயதில் எத்தனை பேர் புதுமைப்பித்தன் படித்தார்கள் என்பதை இங்கே கிளற வேண்டாம்.

அரூரில் நாம் பணிபுரியும் கல்லூரி நூலகத்துக்குச் சிறுவர் கதை நூல்கள் சிலவற்றை அண்மையில் பரிந்துரைத்தோம். "இது காலேஜுங்க சார், பால்வாடி இல்ல" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அறையே சிரித்தது. நூல்கள் பட்டியலிலிருந்து நீங்கின.

நம்மிடம் வருவோரில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பாடநூலுக்கு வெளியே ஒரு நூலைக்கூட முழுதாக முடித்திராதவர்களும் அவர்களுள் உண்டு. சிலப்பதிகாரத்தைக் கொடுத்தால் தேர்வுக்குப் படிப்பார்கள். கீழே வைக்க மனம் வராமல் படிக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தொடங்கிய அம்புலிமாமா நமக்கு அதைத் தந்தது. பழைய தாள் கடையில் எடைக்கு வந்த இதழ்கள்தாம். விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலும் காணலாம். மரபுவழிக் கதைகள் இருபத்தைந்துதான்; அவை தீர்ந்த பின்னும் அதே சட்டகத்தில் புதுக்கதைகளை மாதந்தோறும் எழுதினார்கள். சோமதேவரை ஆராய்ந்தால் முனைவர் பட்டம். அதே வேதாளம் எளிய தமிழில் பேசினால் ஏளனம்!

அக்கதைகள் நீதி உரைத்து முடிவதில்லை. யார் செய்தது சரி என்று வேதாளம் கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் அரசன் தலை சுக்குநூறாகும். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு அண்ணனோடு மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறோம். பின்னாளில் இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் முரண்படும் இடங்களில் நமக்கு அலுப்புத் தட்டாததற்கு அந்தப் பயிற்சியே காரணம் என்று நம்புகிறோம்.

எல்லாமே சிறந்தவை என்பதன்று நம் கட்சி. அரசகுமாரியைப் பரிசுப்பொருளாக்கிய கதைகள் ஏராளம். அதையும் மாணவர்களே படித்துக் கண்டுபிடிக்கட்டுமே.

இப்போது நமது மேசை இழுப்பறையில் பழைய இதழ்கள் சில கிடக்கின்றன. கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம். சென்ற மாதம் எடுத்துப்போன இரண்டு இன்னும் திரும்பவில்லை. தம்பி படித்துக்கொண்டிருக்கிறானாம்.