1971: ஓராண்டின் இசைத்தட்டுகள்

1971இல் வெளிவந்த ஆல்பங்களில் பிடித்தவற்றைப் பட்டியலிட உட்காரும் ரசிகர் எண்ணிக்கையிலேயே திணறிப்போவார். சோல், ராக், ஃபோக், ஜாஸ், பிரேசில் இசை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தள்ள முடியாத ஒன்று நிற்கிறது. அன்று ஆல்பம் என்றால் எல்பி தட்டு. ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். பிறகு எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த நாற்பது நிமிடத்தையும் ஒரே படைப்பாக நினைத்துக் கட்டியவர்களின் ஆண்டு அது.

பட்டியலின் முதலிடம் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்துக்கே உரியது. டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன், காதல் பாட்டுகளை அடுத்தடுத்து வெற்றியாக்கிய நிறுவனம். அதன் நட்சத்திரப் பாடகர் போரையும் வேலையின்மையையும் போதையையும் கெட்டுப்போன காற்றையும் பாட வந்தபோது, நிறுவனத் தலைவர் பெர்ரி கோர்டி தயங்கினார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம்பி ஃபிராங்கியின் அனுபவம் மார்வினை உலுக்கியிருந்தது. ஜனவரியில் தலைப்புப் பாட்டு தனித்தட்டாக வந்து விற்றுத் தள்ளிய பிறகே மே மாதத்தில் முழு ஆல்பம் வெளியாயிற்று. முதல் பக்கத்தில் ஒரு பாட்டு முடியும் இடம் தெரியாமல் அடுத்தது தொடங்கிவிடுகிறது. தலைப்புப் பாட்டில் மார்வின் தன்னோடு தானே பேசுவதுபோல் இரண்டு குரல்கள் கேட்கும். எது நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதற்காக இருமுறை பாடிப் பதிவு செய்திருந்தார். ஒலிப்பதிவாளர் தவறுதலாக இரண்டையும் ஒருசேர ஓட்டிவிட்டார். கேட்ட மார்வின் அதையே வைத்துக்கொண்டார். ஒரு குரல் வருந்துகிறது, மற்றொன்று தேற்றுகிறது.

அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கரோல் கிங்கின் 'டேபஸ்ட்ரி' அமெரிக்காவில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் ஒரு பாட்டுக்கு ஜோனி மிச்செல் துணைக்குரல் கொடுத்திருக்கிறார். மிச்செலின் 'ப்ளூ' ஜூன் மாதத்தில் வந்தது. பியானோ, கிடார், மடியில் வைத்து மீட்டும் டல்சிமர் ஆகியவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. குரலுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பதிவு அது. கிங்கின் பாட்டு தோளில் கை போடுகிறது. மிச்செலின் பாட்டு கேட்பவரின் உள்ளே இறங்கிவிடுகிறது.

ராக் பக்கத்தில் நவம்பரில் வந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம். அட்டையில் குழுவின் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. அதன் கடைசிப் பாட்டு, 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றிய பழைய ப்ளூஸ் பாட்டின் மறுவடிவம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேல்தளத்திலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அடியோடு சேர்ந்து அந்தக் கூடமும் ஒலிக்கிறது. கரை உடைவதைச் சொல்லும் பாட்டுக்கு அந்த முழக்கம் வேண்டியிருந்தது. அதே மாதம் வந்த ஸ்லை ஸ்டோனின் ஆல்பத்தில் இதற்கு நேர்மாறாக, இயந்திரத் தாளம் மந்தமாக, மூச்சுமுட்ட நடக்கிறது. அதுவும் விடக்கூடாத தட்டு.

மொழி புரியாதவரும் கேட்க வேண்டியது பிரேசிலின் சிகோ புவார்க்கே தந்த 'கான்ஸ்ட்ருசாவ்'. ராணுவ ஆட்சியின் கீழ் வந்த ஆல்பம். தலைப்புப் பாட்டில் ஒரு கட்டடத் தொழிலாளி மேலிருந்து விழுந்து சாகிறான். அவன் சாவு போக்குவரத்துக்கு இடைஞ்சலாகிறது. கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது அடிகளின் ஈற்றுச் சொற்கள் இடம் மாறிக்கொண்டே வருகின்றன. செங்கல்லை எடுத்து வேறு வரிசையில் அடுக்குவதுபோல் அது பாட்டைக் கட்டுகிறது. யாப்பு தெரிந்த தமிழ் வாசகருக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ரவிசங்கர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய வங்கதேச நிவாரண நிகழ்ச்சி மூன்று தட்டுகளாக வந்தது. சிதாரும் சரோதும் சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கைதட்டியது அந்தத் தட்டில் பதிவாகியிருக்கிறது.

கடைசியாக ஜாஸ். ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்தபின், நான்கு குழந்தைகளோடு நின்றவர் ஆறுதலுக்காக நாடிய குரு சுவாமி சச்சிதானந்தா. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்தவர். தலைப்புப் பாட்டு தம்புராவோடு தொடங்குகிறது. மேலே ஆலிஸின் ஹார்ப் அலையலையாய் விரிய, ஃபரோவா சாண்டர்ஸின் சாக்ஸபோன் தேடிக்கொண்டே போகிறது. 1971ஐக் கேட்கத் தொடங்கும் தமிழர் இந்தத் தட்டிலிருந்தே தொடங்கலாம். அந்தச் சுருதி நம் காதுக்கு ஏற்கனவே பழகியது.