அடிமையின் திருநாள்

திருவிழா என்றால் எங்கள் கெடார்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கொடியேற்றம், நவநாள், தேர்பவனி ஆகிய மூன்றும் உடனே நினைவுக்கு வரும். இவை குறைவின்றி நடந்தேறினால் விழா சிறந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும், திருவிழா யாருக்குரியது என்ற வினாவை என்னுள் எழுப்பியது கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு சிறு தீவின் வரலாறே.

கரீபியன் கடலில் மான்செராட் என்றொரு தீவு. பரப்பு ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர்தான். 17-ஆம் நூற்றாண்டில், விசுவாசத்தின் பொருட்டு நெருக்கப்பட்ட ஐரிஷ் கத்தோலிக்கர் பலர் அங்கே குடியேறினர். ஒப்பந்தக் கூலிகளாகக் கட்டுண்டு வந்தோரும் அவர்களுள் உண்டு. காலம் மாறிற்று. கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். ஒடுக்கப்பட்டு வந்த ஐரிஷ் மக்களுள் சிலரே அடிமைகளின் எசமானர்களாயினர்.

அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பத்ரீசியாரின் திருநாள் மார்ச் 17. 1768-இல் அந்நாளன்று, எசமானர்கள் விருந்தில் மூழ்கியிருக்கும் வேளையில் கிளர்ந்தெழ அடிமைகள் திட்டமிட்டனர். இரகசியம் வெளிப்பட்டது, ஒன்பது பேர் கொல்லப்பட்டனர்.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. அப்புனிதரே ஒரு காலத்தில் அடிமையாயிருந்தவர். இளமையில் கடத்தப்பட்டு, அயர்லாந்தில் ஆறாண்டுகள் அடிமையாய் மந்தை மேய்த்ததை அவரே எழுதிவைத்துள்ளார். பின்னாளில், தாம் கிறிஸ்துவிடம் கொணர்ந்த மக்களைச் சிறைபிடித்த வீரர்களைக் கடுமையாகக் கண்டித்துக் கடிதமும் வரைந்தார். அத்தகையவரின் பெயரால் விருந்துண்டவர்கள், தம் தோட்டத்து அடிமைகளின் முகத்தில் அவரைக் காணவில்லை!

1985 முதல் மான்செராட்டில் மார்ச் 17 பொது விடுமுறை. பச்சை ஆடை, ஐரிஷ் இசை, ஆப்பிரிக்க முரசு, முகமூடி நடனம், ஆட்டிறைச்சிக் குழம்பு என விழா பல நாள் நீள்கிறது. அதன் நடுவே 1768-இல் மாண்டவர்களும் நினைவுகூரப்படுகின்றனர். 1995-இல் எரிமலை சீறத் தொடங்கியது. தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்தது. மக்களில் பெரும்பாலோர் வெளியேறினர். ஆயினும் எஞ்சியோர் விழாவைக் கைவிடவில்லை. புலம்பெயர்ந்தோரும் அந்நாளுக்கெனத் தாயகம் திரும்புகின்றனர்.

நம் பக்கத்து எறையூரை நாம் மறந்திருக்க முடியாது. ஒரே விசுவாசம் கொண்ட மக்களிடையே சாதிப் பாகுபாட்டால் மூண்ட பூசல், 2008 மார்ச்சில் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் உயிரைக் குடித்தது. தேர் எந்தத் தெருவில் நுழையும், எந்த முனையில் திரும்பும் என்பது நம் ஊர்களில் சிறிய கேள்வியன்று. சிறுவனாயிருந்தபோது ஓர் ஊரில், தேர் திரும்பும் முனையில் மெழுகுதிரியுடன் காத்து நின்ற குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் தெருவுக்குள் தேர் ஏன் போவதில்லை என்று கேட்டேன். "வழக்கம்" என்ற ஒரே சொல்லே விடையாகக் கிடைத்தது.

அந்தத் தீவினர் ஐரிஷ் விழாவை ஒழிக்கவில்லை. அதில் இடமின்றி நின்றவர்களுக்கு நடுவிடம் தந்தார்கள். விழாவும் வாழ்ந்தது, உண்மையும் வாழ்ந்தது. வழக்கம் என்பது மனிதர் வகுத்தது. மனிதரே அதைத் திருத்தவும் கூடும்.

அன்பர்களே, அடுத்த திருவிழாவுக்காகப் பங்குப் பேரவை கூடும்போது, வண்ண விளக்கும் வாணவேடிக்கையும் பிறகு ஆகட்டும். முதலில் தேர் செல்லும் பாதையைப் பற்றிப் பேசுவோம்.