மொட்டை மாடியில் நாலு வெளிச்சம்

போன மாசம் ஒரு ராத்திரி, திருவொற்றியூர்ல இருக்கற அக்கா பையன் வாட்சப்புல ஒரு போட்டோ அனுப்பிட்டு, கீழ 'மாமா, யுஎஃப்ஓ!!!'னு மூணு ஆச்சரியக்குறி போட்டிருந்தான். மொட்டை மாடியில இருந்து கடல் பக்கமா எடுத்தது. கருப்பு வானம். நடுவுல நாலு வெள்ளைப் புள்ளி. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, கொஞ்சம் தள்ளி மறுபடி ஒண்ணு மேல, ஒண்ணு கீழ.

நாலுன்னதும் எனக்கு முட்டுக்காடு ஞாபகம் வந்துடுச்சு. 2023 ஜூலை 26 மாலை, ஓய்வுபெற்ற டிஜிபி பிரதீப் பிலிப் முட்டுக்காடு கடற்கரையில வானத்துல நாலு ஒளிப்பொருளைப் பார்த்து படமும் எடுத்தார். பேப்பர், டிவி எல்லாத்துலயும் வந்துச்சு. நிறையப் பேர் கிண்டல் பண்ணாங்க. எனக்கென்னவோ மனசு வரலை. 1991ல ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்புல அடிபட்டு உயிர் பிழைச்சவர் அவர். 2021ல ரிடயர் ஆகற அன்னிக்கு, ரத்தக்கறையோட கோர்ட்ல இருந்த அந்தப் பழைய தொப்பியை அனுமதியோட வாங்கிப் போட்டுக்கிட்டவர். அப்படிப்பட்டவர் 'பார்த்தேன்'னா பார்த்திருப்பார். என்னத்தைப் பார்த்தார்ங்கறதுதான் கேள்வி. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டும் இல்லை. பிஎஸ்எல்வி சி56 கிளம்பினது நாலு நாள் கழிச்சு, ஜூலை 30 காலையில.

பையனுக்கு பதில் டைப் பண்றதுக்குள்ள அக்கா போன். குரலே சரியில்லை.

"டேய், அந்த வெளிச்சம் இன்னான்னு பாத்தியா? எங்கனா கேஸ் எரியுதா? கெளம்பணுமா?"

எங்க ஏரியாக்காரங்களுக்கு இது புரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற அமோனியா குழாய் கசிஞ்சி, ஜனங்க தூக்கத்துல இருந்து மூச்சு முட்டி எழுந்து ஓடினாங்க. அன்னியில இருந்து அக்கா வீட்டு வாசக்கதவுக்குப் பின்னாடி ஒரு பை ரெடியா இருக்கு. ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரை, ரெண்டு துண்டு. ஒரு பக்கம் மணலி ரிஃபைனரி ஜ்வாலை, இன்னொரு பக்கம் அனல் மின்நிலையப் புகை. இதுக்கு நடுவுல வானத்துல புதுசா ஒரு வெளிச்சம்னா வேத்துக்கிரகவாசியா தோணும்? :-(

சரி, துப்பறியலாம்னு உக்காந்தேன். வாட்சப்புல சாதாரணமா அனுப்பின போட்டோவுல எடுத்த நேரம், ஷட்டர் கணக்கெல்லாம் அழிஞ்சிடும். அதனால 'டாக்குமெண்ட்டா அனுப்புடா'ன்னேன். வந்துச்சு. ராத்திரி 7.50. ஷட்டர் கால் நொடி திறந்திருக்கு, அதான் புள்ளி எல்லாம் உப்பி பெருசா தெரியுது. அடுத்த சந்தேகம் லென்சுக்குள்ள விழற எதிரொளி. தெருவிளக்கு ஃபிரேமுக்குள்ள இருந்தா, படத்தோட மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் அதோட பொய்ப்பிம்பம் விழும். ஸ்கேல் வெச்சிப் பார்த்தேன், பொருந்தலை. கண்ணாலயும் பார்த்தோம்னு அக்காவும் சொல்லுது. நாப்பது நிமிஷம் அசையாம நின்னுச்சாம். அப்ப ஸ்டார்லிங்க் வரிசையும் இல்லை, அது சில நிமிஷத்துல வானத்தைக் கடந்துடும். ட்ரோனும் அவ்ளோ நேரம் ஒரே இடத்துல தாங்காது.

கிரகமான்னும் யோசிச்சேன். லடாக் பாங்காங் ஏரிப் பக்கம் 2012 ஆகஸ்ட்ல இருந்து ஆறு மாசம் நம்ம ராணுவம் சீன உளவு ட்ரோன்னு கணக்கெடுத்த வெளிச்சம் 329 தடவை. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்காரங்க வந்து பார்த்தா, வியாழனும் வெள்ளியும். துப்பாக்கி பிடிச்சவங்களுக்கே அந்த கதி. ஆனா இங்க நாலும் ஒரே அளவு, ஒரே கலர். கிரகம் அப்படி ஜோடி ஜோடியா நிக்காது.

ரெண்டு நாள் கழிச்சு நேர்லயே போனேன். மாடி ஏறுறதுக்கு முன்னாடி, தெருமுனையில வலை பின்னிட்டிருந்த பெரியவர்கிட்ட போட்டோவைக் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா, நாலுன்றே? இது ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டு கப்பலு. நங்கூரம் போட்டு நிக்குது. மூக்குல ஒண்ணு ஒசரமா, பின்னால ஒண்ணு தாழ்வா. மப்பு போட்டா தண்ணியும் வானமும் ஒண்ணாப் பூடும். வெளிச்சம் மட்டும் அந்தரத்துல தொங்கும்."

வீட்டுக்கு வந்து புரட்டினா சர்வதேசக் கடல்விதியே அதான். 50 மீட்டருக்கு மேல நீளமான கப்பல் நங்கூரம் போட்டு நின்னா முன்னால ஒரு வெள்ளை விளக்கு, பின்னால அதைவிடத் தாழ்வா இன்னொண்ணு. அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கே நானும் பையனும் மாடியில போய் உக்காந்தோம். துறைமுகத்துல இடம் கிடைக்காம ரெண்டு கப்பல் காத்துக் கிடந்துச்சு. மரைன் டிராஃபிக் ஆப்ல பார்த்தா, அந்த ராத்திரியில இருந்தே ரெண்டும் அங்கதான். இருட்ட இருட்ட முதல்ல அடிப்பகுதி கரைஞ்சது, அப்புறம் தொடுவானம். ஏழே முக்காலுக்கு அதே நாலு புள்ளி, மேல, கீழ, மேல, கீழ. கப்பல்னு தெரிஞ்சும் எனக்கு ஒரு நொடி உடம்பு சிலிர்த்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது.

இது முட்டுக்காட்டுக்கு விடை இல்லை. அது பகல் வெளிச்சம் இருக்கும்போது எடுத்தது, கதை வேற. பையன் முகத்துல ஈயாடலை. "அப்ப ஏலியன் இல்லியா மாமா?"ன்னான். அவனோட ஆப்பைத் திறந்து கப்பல் பேரு, கொடி, எந்த ஊர்ல இருந்து வருதுன்னு காட்டினதும் கொஞ்சம் தேறினான். இப்ப தினமும் கப்பல் கணக்கு எழுதறான்.

கீழ இறங்கி அக்காகிட்ட விளக்கினேன். பொறுமையா கேட்டுச்சு. "கப்பலா... சரி"ன்னுச்சு. "அப்ப அந்தப் பையை எடுத்து உள்ள வெக்கா"ன்னேன்.

"அது அங்கியே இருக்கட்டும்டா. சாப்ட்டு போ, வஞ்சிரம் வறுத்திருக்கேன்."