"மயக்கமா வருது சார்"

ஓ.பி.ல ஒரு நாளைக்கு 20 தடவையாவது இதைக் கேப்பேன். இந்த ஒரு வார்த்தையை நம்பி நான் ஏமாந்த கதை இது.

தீர்த்தமலை அடிவாரத்துல பூ கட்டி விக்கிற அம்மா, 67 வயசு. "மயக்கமா வருது"ன்னு வந்தாங்க. கூட வந்தவங்க "விரதம் இருந்தாங்க, அதான்"னாங்க. பிரஷர், சுகர் ஓகே. ஈசிஜி நார்மல். தலைசுத்தல் மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன்.

ரெண்டு வாரத்துல புருவத்துல தையலோட திரும்ப வந்தாங்க. அப்பதான் ஒழுங்கா கேட்டேன், "என்னம்மா ஆச்சு?"

"உக்காந்து பூதான் கட்டிட்டு இருந்தேன் சார். பொசுக்குன்னு கரண்ட் போன மாதிரி இருந்துச்சு. கண்ணு முழிச்சா கீழ கிடக்கேன்."

நாடி பிடிச்சேன். 38.

உலகமே சுத்துற மாதிரி இருந்தா பெரும்பாலும் காது சம்பந்தப்பட்டது. உக்காந்திருக்கும்போதே கரண்ட் போன மாதிரி விழுந்து, சில வினாடில தெளிஞ்சா இதயத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கணும். கேக்கலை.

அப்ப ஈசிஜி ஏன் நார்மல்? சாதாரண ஈசிஜி பதிவு பண்றது 10 வினாடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. மீதி நேரம் இதயம் என்ன பண்ணுச்சுன்னு அதுக்குத் தெரியாது.

இதயத்தோட வலது மேல் அறையில சைனஸ் நோடுன்னு ஒரு சின்னத் திசு இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் கரண்ட் குடுக்கிறது அதுதான். 1907ல ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃப்ளாக்கும் இதைப் பத்தி எழுதினாங்க. ஃப்ளாக் அப்போ மருத்துவ மாணவர்! வயசாக ஆக இந்தத் திசு நார் நாரா மாறி, சிலருக்கு மெதுவா துடிக்கும், சிலருக்கு நடுவுல நின்னு நின்னு துடிக்கும். இது ஹார்ட் அட்டாக் இல்ல. (நல்லா ஓடுற பசங்களுக்கு 45 இருக்கலாம், பயப்படாதீங்க.)

இன்னொரு சந்தேகமும் இருந்துச்சு. அவங்க பிரஷருக்கு அட்டெனலால் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அதுவே துடிப்பைக் குறைக்கும். அதனால அதை நிறுத்தி வேற மாத்திரை மாத்தினோம். (நீங்களா நிறுத்திடாதீங்க, அது வேற ஆபத்து.) தைராய்டும் பாத்தோம், நார்மல். அப்பவும் நாடி ஏறல. மெடிக்கல் காலேஜ்ல 24 மணி நேரம் ஹோல்டர் மாட்டினாங்க. பகல்ல, முழிச்சிருக்கும்போதே, ஒரு இடத்துல 5 வினாடிக்கும் மேல இதயம் துடிக்கவே இல்ல. பேஸ்மேக்கர் வச்சாங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல பணம் கட்டாமலே முடிஞ்சுது. பேட்டரி பொதுவா 8லிருந்து 12 வருஷம் வரும்.

தையல் பிரிக்க வந்தப்ப அவங்க கேட்டது ஒண்ணுதான். "மலையேறி ராமர் தீர்த்தத்துல குளிக்கலாமா சார்?"

"தாராளமா. புண்ணு நல்லா ஆறட்டும். அதுவரை இடது கையை தோளுக்கு மேல தூக்காதீங்க."

"பூ கட்டலாமா?"

"கட்டலாம்மா. ஆனா அந்த செல்போனை ஜாக்கெட்டுக்குள்ள வைக்கிறீங்களே, அது மட்டும் கூடாது. பேஸ்மேக்கர்ல இருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். பேசும்போது வலது காது."

சிரிச்சுக்கிட்டே போனை எடுத்து பூக்கூடையில போட்டாங்க.