துண்டும் லைஃப் ஜாக்கெட்டும்

மே 24, 2023, புதன். தேனி

பிள்ளைகள் கேட்டது கப்பல். போன ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியது முதல் தங்கை வீட்டில் இதே பேச்சு. நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி, வேளை தவறாத விருந்து என்று விளம்பரத்தில் பார்த்ததையெல்லாம் அவள் பெண்கள் இருவரும் ஒப்பிக்கிறார்கள். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. “நம்ம பக்கத்து ஆளுகளுக்குத் தேக்கடி போட்டுதான் கப்பல்” என்று சொல்லி அத்தை பேச்சை முடித்துவைத்தார். கல்யாணமான புதிதில் மாமாவோடு அங்கே போனதுதான் அவருடைய முதல் தண்ணீர்ப் பயணம்.

மேகமலையும் யோசனையில் இருந்தது. ஆனால் அரிக்கொம்பன் என்ற காட்டுயானை அந்தப் பக்கம் திரிவதால் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. சின்னக்கானலில் பிடித்து, ஏப்ரல் கடைசியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்ட யானை, எல்லைக்கோடு பார்க்காமல் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிவிட்டது. ஆகவே நாளை குமுளியில் தங்கல், வெள்ளிக்கிழமை படகு, சனிக்கிழமை திரும்பும் வழியில் சுருளி அருவி என்று முடிவாயிற்று.

லாட்ஜுக்குப் போன் போட்டுப் பேசினேன். அத்தைக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது, தரைத்தளத்தில் ஒரு அறை வேண்டும் என்றேன். “கண்டிப்பா தர்றோம் மேடம்” என்றது மறுமுனை. மற்ற மாதங்களைவிட மே மாத வாடகை ஏறக்குறைய இருமடங்கு. முன்பணம் அனுப்பியாயிற்று. பேசிய நேரத்தையும் அவர்கள் சொன்ன சொல்லையும் குறித்துவைத்துக்கொண்டேன்.

மே 25, வியாழன். குமுளி

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர் ஊராக மலை நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே போவது எத்தனை முறை போனாலும் அலுப்பதில்லை. போன மாதம்தான் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாலையோரத்தில் ஒரு அம்மாவிடம் வாங்கினோம். நாங்கள் கேட்காமலே ஆளுக்கு இரண்டு பழம் கையில் கொடுத்துச் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். எடை போட்ட பிறகு கொத்தைத் திருப்பிப் பார்த்து, நசுங்கிய பழங்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, அந்த எடைக்கு ஈடாக இன்னொரு கொத்து வைத்தார். வெயிலில் நின்று விற்கிறவர் அவ்வளவு பொறுமையாகச் செய்தார்.

லோயர் கேம்ப்பில் மலைமேலிருந்து இறங்கும் பெரிய குழாய்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மேற்கே ஓடிக் கடலில் சேரவேண்டிய பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895-இல். தண்ணீர் அந்தக் குழாய்களில் இறங்கி முதலில் மின்சாரம் தருகிறது, பிறகுதான் வயலுக்கு வருகிறது. அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு அறை என்றார்கள். நாலு மணிக்குத்தான் சாவி வந்தது. அதுவும் இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. தரைத்தளம் என்று உறுதி சொன்னதை நினைவுபடுத்தினேன். ரிசப்ஷனில் இருந்த பையன் கணினியைப் பார்த்தான். “அப்படி எதுவும் இங்க எழுதலையேக்கா” என்றான். அத்தை ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பற்றி ஏறினார். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். படிக்கட்டு விளக்கு எரியவில்லை.

அறையில் நாலு பேருக்கு இரண்டு துண்டு. ஹீட்டரில் வெந்நீர் இல்லை. சாப்பாட்டு அட்டை கேட்டால் சுவரில் ஒட்டிய கியூஆர் கட்டத்தைப் போனில் பிடிக்கச் சொன்னார்கள். அத்தையிடம் இருப்பது பட்டன் போன். இன்டர்காமை எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் கீழே இறங்கிப் போனபோது அதே பையன் ஒரு குடும்பத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான். அடுத்த பத்து நிமிடத்தில் அவனே எங்கள் துண்டையும் கொண்டுவந்தான், பிறகு வாசலில் காரை ஒதுக்கிவிட்டான். “ரூம் பாய் இல்லையாப்பா?” என்று கேட்டேன். “முன்ன நாலு பேரு இருந்தோம்க்கா. கொரோனாவுல அனுப்பினாங்க. அப்புறம் யாரையும் எடுக்கல. இப்ப நானும் சமையல் அண்ணனும்தான்” என்றான். கூடலூர்ப் பையன். அவன்மீது எனக்குக் கோபமில்லை. இருந்த கோபமெல்லாம் அவனை அங்கே தனியாக நிறுத்திவிட்டுப் போனவர்மீதுதான்.

அத்தை முன்பு தங்கிய லாட்ஜைப் பற்றிச் சொன்னார். அங்கே டைல்ஸ் இல்லை, டி.வி. இல்லை. விடியற்காலையில் வாளியில் வெந்நீர் கதவருகே வந்துவிடும். குழந்தைக்குப் பால் என்றால் அடுப்படியில் காய்ச்சித் தருவார்கள். இன்றைக்குச் சுவரெல்லாம் பளபளப்பு. கட்டடத்தில் போட்ட பணத்தை ஆள் வைப்பதில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கீழே இறங்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் தீயணைப்புக் கருவி கண்ணில் பட்டது. அதில் தொங்கிய அட்டையில் பரிசோதனைத் தேதி சென்ற ஆண்டோடு முடிந்திருந்தது. துண்டு எண்ண ஆள் இல்லாத இடத்தில் இதையும் பார்க்க ஆள் இல்லை.

மே 26, வெள்ளி. தேக்கடி

காலையில் வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்குப் போனோம். படகில் ஏறியதும் முதல் வேலையாக எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். ஊழியர் ஒருவர் வரிசை வரிசையாக வந்து ஒவ்வொருவருடைய பட்டையையும் இழுத்துப் பார்த்தார். அத்தைக்குக் கொக்கி மாட்டத் தெரியவில்லை. ஊழியரே குனிந்து மாட்டிவிட்டு, “டைட்டா இருக்கா அம்மே?” என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் ஒருவர் வேர்க்கிறது என்று கழற்றி மடியில் வைத்தார். திரும்ப மாட்டும்வரை படகை எடுக்க மாட்டோம் என்று ஊழியர் சொல்லிவிட்டார். குரல் உயரவில்லை, ஆனால் நகரவும் இல்லை. அந்த மனிதர் மாட்டிக்கொண்டார்.

இந்தக் கண்டிப்புக்குக் கொடுத்த விலை பெரிது. 2009 செப்டம்பர் 30 மாலை, இதே ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. அளவுக்கு மேல் ஆட்கள். விலங்கு பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கியதும் படகு சாய்ந்துவிட்டது. பெரும்பாலோர் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. 45 பேர் இறந்தார்கள். அந்த இரவு குமுளி மலைப்பாதையில் ஆம்புலன்ஸ்கள் ஓடியதை எங்கள் பள்ளத்தாக்கில் மறந்தவர் கிடையாது. இந்த மாதம் ஏழாம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் மறுபடியும் அதுவே நடந்தது. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, ஏற்றக்கூடாத அளவுக்கு ஏற்றி, 22 பேர் போனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

பிள்ளைகள் ஆசைப்பட்ட பெரிய கப்பல்களின் கதையும் இப்படித்தான். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு ஆபத்தில் எங்கே கூட வேண்டும், எந்தப் படகில் இறங்க வேண்டும் என்ற பயிற்சியே தரப்படவில்லை. மறுநாள் தரலாம் என்று வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி தந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. விருந்தும் மேடை நிகழ்ச்சியும் முதல் இரவே தயாராக இருந்த கப்பல் அது.

ஏரியில் பட்டுப்போன மரங்கள் இன்னும் நிற்கின்றன. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. கரையில் கடமான்கள், தூரத்தில் காட்டெருமைக் கூட்டம். படகு முழுக்க அரிக்கொம்பன் எங்கே என்ற கேள்வி. காட்டெருமையைப் பார்க்க இடப்பக்கம் பத்துப் பேர் எழுந்ததும், அதே ஊழியர் கையமர்த்தி உட்காரவைத்தார். “படகு திருப்பிக் காட்டுவோம், எல்லாரும் பார்க்கலாம்” என்றார். சொன்னபடியே திருப்பினார்கள். நேற்று இரவிலிருந்து எனக்குள் இருந்த எரிச்சல் அங்கேதான் தணிந்தது. பயணிக்கு வேண்டியதை முன்கூட்டி யோசித்து, அதைச் செய்ய ஒரு ஆளை நிறுத்தி, அவர் சொல்லுக்கு மதிப்பும் கொடுத்திருக்கிறார்கள். அத்தையின் கொக்கியை மாட்டிய கனிவும், கழற்றியவரை மாட்டவைத்த கண்டிப்பும் ஒரே மனிதரின் ஒரே வேலை.

மே 27, சனி. கூடலூர்

காலையில் கணக்கு முடிக்கப் போனால் பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். போன ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓட்டல்கள் தாமாகவே சேவைக் கட்டணத்தைப் பில்லில் சேர்க்கக்கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளரின் விருப்பம் என்று தெளிவாக இருக்கிறது. அதைச் சொன்னேன். பையன் யாருக்கோ போன் செய்தான், பிறகு நீக்கிவிட்டான். “இந்தக் காசு உனக்கு வருமாப்பா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினான், வராது என்று. அதற்குச் சமமான தொகையை அவன் கையில் கொடுத்தேன்.

வெளியே வந்த பிறகுதான் போனில் செய்தி. அரிக்கொம்பன் கம்பம் நகருக்குள்ளேயே புகுந்துவிட்டான். நாங்கள் போகவேண்டிய ஒரே வழி அது. லாட்ஜில் தங்கியிருந்த அத்தனை பேரும் அதே சாலையில் இறங்கப்போகிறவர்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. கூடலூரில் போலீசார் வண்டிகளை நிறுத்தினார்கள். கம்பத்தில் 144 தடை உத்தரவு, மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று அறிவிப்பு.

வெயில் ஏறியது. சாலையோரத்தில் ஒரு சிறிய மெஸ். நடத்துகிற அம்மா அத்தையைப் பார்த்ததும், “ஏன் ஆத்தா வண்டியிலயே வேகுறீங்க, உள்ள வந்து படுங்க” என்று பின்னறையில் பாயை விரித்தார். சாம்பார் தீர்ந்துவிட்டது, தயிர்சாதமும் ஊறுகாயும்தான் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னார். பலகையில் எழுதியிருந்த விலைதான் வாங்கினார். கூட்டம் கூடியிருந்தது, நினைத்திருந்தால் ஏற்றியிருக்கலாம். அவர் மகன் வாசலில் நின்று, வந்து நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் சாலை நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் நடத்தும் கடை அது. தங்களால் எவ்வளவு முடியும், எது முடியாது என்பதை வந்தவரிடம் மறைக்காமல் சொன்னார்கள். அந்த ஒன்றுதான் எங்களைப் பதற்றமில்லாமல் உட்காரவைத்தது. சுருளிக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டு, பாதை விட்ட பிறகு தேனி வந்து சேர்ந்தோம்.

ஜூன் 1, வியாழன். தேனி

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் முதல் போகத்துக்கு இன்று தண்ணீர் திறந்தார்கள். இனி நாற்றங்கால் வேலை. ஆனால் யானை இன்னும் பிடிபடவில்லை. கம்பத்தில் அன்று யானையால் அடிபட்ட ஒருவர் நேற்று முன்தினம் இறந்துவிட்டார். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பயந்துகொண்டேதான் போகிறார்கள்.

லாட்ஜ் விஷயத்தை விட்டுவிடு, ஒரு ராத்திரிதானே என்கிறார் தங்கை வீட்டுக்காரர். எனக்கு விட மனமில்லை. எல்லோரும் ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிடுவதால்தான் நாலு பேர் செய்த வேலை ஒருவன் தலையில் ஏறிக்கிடக்கிறது. வருகிறவர்கள் அவனைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். உரிமையாளருக்கு வாடகை மட்டும் போய்ச் சேருகிறது. இப்படியே போனால் முதலில் வெந்நீர் போகும், அடுத்து படிக்கட்டு விளக்கு, அடுத்து தீயணைப்புக் கருவி. எல்லாவற்றையும் கவனிப்பது ஒரே மனிதக் கண்தான். அந்தக் கண்ணைக் குறைத்தால் வசதி மட்டும் குறைந்து பாதுகாப்பு அப்படியே நிற்காது. தேக்கடிப் படகில் ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்க்கும் பழக்கம் 45 பேர் போன ஏரியில் வேரூன்றியது. தங்கும் விடுதிகளும் அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தங்கும் விடுதியும் சேவைதான். லாட்ஜ் கேரளத்தில் இருந்தாலும், வழக்கை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்.

இன்று உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். போனில் பேசிய நேரம், தந்த வாக்குறுதி, கொடுத்த அறை, சேர்த்த சர்வீஸ் சார்ஜ், தீயணைப்புக் கருவியின் தேதி எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். பையன் எங்களை மரியாதையாக நடத்தினான், குறை எதுவும் அவனுடையதல்ல என்று தனியாக ஒரு பத்தி. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் 1915, அதற்குப் பிறகு மாவட்ட ஆணையம் என்றும் எழுதியிருக்கிறேன். கடிதத்தின் கடைசி வரியாக எழுதியதையே இங்கும் எழுதுகிறேன்: சீசனில் இருமடங்கு வாடகை வாங்குகிறவர் சீசனில் இருமடங்கு ஆள் போடவேண்டும்.