அந்தமான் செல்வோர் கவனத்திற்கு

சந்திரகிரியிலும் திருப்பதியிலும் உத்தியோக நிமித்தம் குடியேறிய நம்மவர், விடுமுறை வந்தால் சொந்த ஊர் செல்வர்; மிஞ்சினால் இராமேசுவரம். அந்தமான் என்றாலோ, அது செல்வந்தர்க்கு உரியது என்று கையை விரித்துவிடுகின்றனர். கோட்டை மலையடியில் வளரும் நம் பிள்ளைகளுள் கடலையே காணாதவர் பலர். நாம் குடும்பத்துடன் சென்று வந்ததில் அறிந்தது இது: அங்குப் பணத்தைவிட நாட்களே விரைவில் கரையும். நாட்களைக் கணக்கிடாதவர் பணத்தையும் இழப்பர்.

ரயில்வே பாஸ் சென்னையோடு சரி; கடலில் அது செல்லாது. சென்னையிலிருந்து விமானம் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்திலும், அரசாங்கக் கப்பல் சுமார் மூன்று நாட்களிலும் கொண்டு சேர்க்கும். கப்பலில் பங்க் வகுப்புக் கட்டணம் மிகக் குறைவு. ஆயினும் போக மூன்று, வர மூன்று என்றால் பத்து நாள் லீவில் தீவுகளைக் காண எஞ்சுவது நான்கே நாட்கள். மேலும், கால அட்டவணையை நம்பிப் பழகிய ரயில்வேக்காரர் ஒன்றை உணர வேண்டும்: கப்பல் மாதத்திற்குச் சில தடவையே புறப்படும், அந்தத் தேதியும் மாறலாம். நாம் சென்ற கப்பல் ஒரு நாள் தாமதித்தே கிளம்பிற்று. முதல் நாளுக்கு அறை பதியாதிருந்தபடியால் நஷ்டமில்லை. ஆகவே போகும்போது கப்பலும், திரும்பும்போது முன்கூட்டியே வாங்கிய விமான டிக்கெட்டுமே உத்தமம். திரும்புகையில் தாமதமானால் லீவு போய்விடும், சம்பளத்திலும் கைவைக்கும்.

சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி 2020ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியபின், கைப்பேசி வழியே பணம் செலுத்துவது எளிதாயிற்று. எனினும் சிறு தீவுகளில் ஏ.டி.எம். சொற்பம். மூன்று நாள் செலவுக்கான ரொக்கத்தை, பாதி தம்மிடமும் பாதி மனைவியிடமுமாகப் பிரித்து வைத்தல் நலம். காய்கறியிற் பெரும்பகுதி கப்பலேறி வருவதால் சாப்பாட்டுச் செலவு நம் ஊரைவிடக் கூடுதலே. மீனும் தேங்காயும் தாராளம். தமிழ் பேசுவோர் எங்கும் உளர். விலை விசாரிக்கக் கூசவேண்டாம்.

தீவுக்குத் தீவு செல்ல அரசாங்கப் படகே மலிவு. ஆனால் இடம் விரைவில் நிரம்பிவிடும். தனியார் படகுகளோ பல மடங்கு கேட்கின்றன. மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுவதால் விடியற்காலையிலேயே புறப்படுக. அயர்ந்து உறங்குவோர்க்கு அறை வாடகை வீண்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். நிக்கோபார் தீவுகளுக்குத் தனி அனுமதி வேண்டும். ஜாரவா மக்களைப் படமெடுப்பது குற்றம். பவளத் துண்டுகளைப் பொறுக்கிவருவதும் அவ்வாறே. பிள்ளைகளின் பைகளைத் திரும்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுக.

போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம்; ஹேவ்லாக்கும் நீலும் 2018 முதல் சுவராஜ் தீவு, ஷஹீத் தீவு. டிக்கெட்டில் எப்பெயர் இருப்பினும் ஊர் ஒன்றே. கப்பலுக்குப் புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிச் செல்லுங்கள். முதல் நாள் குமட்டலுக்கு ஊறுகாய் நன்கு உதவிற்று.